நான் செய்யற மாதிரியே

"ரெண்டு கையையும் தூக்குங்க. நான் செய்யற மாதிரியே செய்யணும்" என்றாள் என் மனைவி, நாற்காலியில் உட்கார்ந்தபடி.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றது என் தப்பு.

அவள் அலுவலகத்தில் பக்கவாதம் பற்றி ஒரு வகுப்பு நடத்தினார்கள். அன்றோடு என் நிம்மதி போயிற்று. சாவியை மறந்தால் சோதனை. மகளைக் கூப்பிடும்போது தங்கை பெயர் வந்துவிட்டால் சோதனை. சிரிக்க வேண்டும், இரண்டு கையையும் முன்னால் நீட்ட வேண்டும், சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளுமாம், இல்லையென்றால் வெடித்துக் கசியுமாம். எது என்று ஆஸ்பத்திரியில் படம் எடுத்தால்தான் தெரியும். பல சமயம் வலியே இருக்காது, வந்த ஆளுக்கே தெரியாது என்று பயமுறுத்துவாள்.

நான் பிளம்பர். அடைப்பும் கசிவும் எனக்கே பாடமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிரிப்பில் நான் என்றைக்குமே தேறியதில்லை. வீட்டு ஓனரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இது என்பாள். கை நீட்டுவதில் மட்டும் முழு மார்க். அவள் செய்வதைப் பார்த்து அப்படியே காப்பியடித்துவிடுவேன்.

அன்றும் அவளைப் பார்த்தபடியேதான் நீட்டினேன்.

"ஐயோ, ஒரு கை தானா எறங்குதே!" என்று அலறினாள்.

குனிந்து பார்த்தேன். என் வலது கை இடுப்பு வரை இறங்கியிருந்தது.

இத்தனை நாள் கிண்டலடித்ததற்கு எனக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை இறுக மூடி, சாமியை வேண்டிக்கொண்டு, மறுபடி நீட்டினேன்.

கண்ணைத் திறந்தபோது என் இரண்டு கைகளும் தோளுக்கு நேராக ஜம்மென்று நின்றன.

எதிரே அவளுடைய இடது கைதான் மடியில் கிடந்தது. தன் இரண்டு கையும் மேலேதான் இருக்கிறது என்ற நினைப்பில் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து போனை எடுத்தேன். விலாசம் சொல்லும்போது பயத்தில் எனக்கு நாக்குக் குழறியது. உங்களுக்குப் பேச்சும் போயிடுச்சே என்று அவளும் குழறிக்கொண்டு, ஒற்றைக் கையால் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்.

அவள் என்னைக் காட்டினாள். நான் அவளைக் காட்டினேன்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "சரி, ரெண்டு பேரும் கொஞ்சம் சிரிங்க" என்றார்.

அவளைப் பார்த்தால் அவள் மாதிரியே பாதி சிரித்துத் தொலைப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அதனால் அந்த ஒரு தடவை அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, அழுதுகொண்டே, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன்.