மறதி டாக்டர்

"ஏம்மா, அந்தப் பல் டாக்டரை இன்னும் சோலோ அனுப்பலையா?"

விமானப் பயிற்சிப் பள்ளியின் சீஃப் கேட்ட தொனியே சரியில்லை.

"இன்னும் தயாராகலை சார்," என்றார் பயிற்சியாளர். பள்ளியில் எல்லோருக்கும் அவர் 'மேடம்'.

"மத்தவங்க பதினெட்டு, இருபது மணி நேரத்துல தனியாப் பறந்துடறாங்க. இவர் முப்பதைத் தாண்டியாச்சு."

"முதல்ல நல்லாத்தான் பறந்தார் சார். அப்புறம் என்னமோ ஆயிடுச்சு. தினம் ஏதாவது ஒண்ணை மறக்கிறார்."

"பழகப் பழக நல்லா வருமா, மோசமா வருமா?" சீஃப், மேடம் பறந்த மணிக்கணக்கு எழுதியிருந்த லாக் புக்கை விரலால் தட்டினார். "உனக்கு இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி?"

"ஒன்பது." மேடத்தின் குரல் இறங்கிவிட்டது.

விஷயம் இதுதான். ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்திருந்தால்தான் சின்ன ஊர்களுக்கிடையே ஐம்பது பேரை ஏற்றிப் பறக்கும் கம்பெனியில் கோ-பைலட் வேலைக்கு மனுப் போடலாம். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். விட்டால் இன்னும் ஒரு வருஷம்.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் பயிற்சியாளருக்கு மணி நேரம் ஏறும். மாணவர் தனியாகக் கிளம்பிவிட்டால், பயிற்சியாளர் புல்லில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். மேடத்தின் மற்ற மாணவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இந்த டாக்டர் ஒருத்தர்தான்.

"ஆளைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மணி நேரம் சேர்க்கிறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்மா," என்றார் சீஃப். "நாளைக்கு அவர்கூட நானே போறேன். ஒழுங்காப் பறந்தார்னா உன் மனுவுல என் கையெழுத்து கிடையாது."

அன்று சாயங்காலம், மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த கணவரிடம் மேடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"உன் மேல தப்பில்லேன்னா எதுக்குப் பயப்படறே?"

"அந்த மனுஷன் நாளைக்குன்னு பார்த்து நல்லாப் பறந்துட்டா? நாலு வருஷம் சொல்லிக்கொடுத்துட்டு, கடைசியில ஏமாத்துக்காரிங்கிற பேரோட வெளிய போகணுமா?"

கணவர் ரிப்பனை முடிந்துவிட்டு நிமிர்ந்தார். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையேன். கொஞ்சம் சொதப்பச் சொல்லி."

"சும்மா இருங்க. நானே கடுப்புல இருக்கேன்."

மறுநாள் காலைக்குள் விஷயம் விமானம் நிறுத்தும் ஹேங்கர் முழுக்கப் பரவிவிட்டது. டாக்டர் விமானத்தைச் சுற்றிவந்து, டயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் நேராக அவரிடம் போனார்.

"டாக்டர், இன்னிக்கு சீஃப் கூட வர்றார். எதையும் மறக்காம, உங்களால முடிஞ்ச அளவுக்கு நல்லாப் பறங்க. என்னைப் பத்தி யோசிக்காதீங்க."

"சரிங்க மேடம்," என்றார் டாக்டர், நல்ல பிள்ளையாக.

விமானம் கிளம்பியது. முதல் முறை இறங்க வந்தபோது ரொம்ப உயரம். இறங்காமலே மேலே போனது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை டவருக்குத் தகவல் சொல்ல மறந்துவிட்டார். அடுத்த முறை ரன்வேக்கு நேரே வந்ததும் திரும்பி, "சார், இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று சாவகாசமாகக் கேட்டார். அதற்குமேல் சீஃப் பொறுக்கவில்லை. தானே பிடுங்கி இறக்கினார்.

சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, சீஃப் நேராக மேடத்திடம் வந்தார்.

"என்னை மன்னிச்சுடும்மா. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாரு. இவரைத் தனியா விட்டா ஊருக்கே ஆபத்து. இன்னும் பத்து மணி நேரம் கூடவே உக்காரு."

"பல் பிடுங்கும்போதும் டாக்டர் இப்படித்தானா? எந்தப் பல்லுன்னு மறந்துடுவாரோ?" என்றார் மெக்கானிக். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சேர்ந்து சிரித்தார்.

அந்தப் பத்து மணி நேரத்தில் மேடத்தின் கணக்கு நிறைந்தது. சீஃப் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் மனுப் போனது. நேர்முகத் தேர்வு முடிந்து, மூன்றாவது வாரம் வேலை உத்தரவும் வந்துவிட்டது.

பள்ளியில் கடைசி நாள். மேடம் டாக்டரோடு ஏறினார்.

டாக்டர் எதையும் மறக்கவில்லை. டவரிடம் அளந்து பேசினார், சரியான இடத்தில் திரும்பினார், சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாமல் இறக்கினார். மேடத்துக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை இறக்கச் சொன்னார். அதுவும் அதே மாதிரி. மூன்றாவதும் அப்படியே.

மேடம் கதவைத் திறந்து இறங்கி, "போங்க," என்று கையைக் காட்டினார்.

டாக்டர் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி, அழகாக வந்து இறங்கினார். மேடம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு புல்லில் காத்திருந்தார். சந்தோஷமும் கோபமும் சரிபாதியாக வந்தன.

"டாக்டர், உண்மையைச் சொல்லுங்க. இத்தனை நாளும் வேணும்னேதானே பண்ணீங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் பதினெட்டாவது மணி நேரம் முடிஞ்ச அன்னிக்கு, நீங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல பேசிக்கிட்டிருந்தீங்க. நான் பின்னாடி நின்னதை நீங்க கவனிக்கலை."

"என்ன பேசினேன்?"

"'டாக்டர் நல்லாப் பறக்கிறார், நாளைக்கே தனியா அனுப்பிடறேன். என் வேலைக்காக அவரைப் பிடிச்சு வைக்கிறது தப்பு, நான் அடுத்த வருஷம் பார்த்துக்கறேன்'னு சொன்னீங்க. அதைக் கேட்ட பிறகு எனக்கு எப்படிங்க நல்லாப் பறக்க மனசு வரும்?"