சென்சார் விளக்கு

மறுநாள் சதீஷின் தங்கை குந்தவையின் மாப்பிள்ளை அழைப்பு. ஊர்வலம் போகவேண்டிய பழைய சொகுசு வண்டி திணறியது. எஞ்சின் விளக்கு மறுபடியும் எரிந்தது. ஷார்ஜாவிலிருந்து சதீஷ் வீடியோ காலில் அப்பாவிடம் கொதித்தான்.

“புகைக்குழாய் சென்சார எத்தன தடவதான் மாத்துறது? திரும்பவும் வயர் அறுந்திருக்காம். அப்பா, எங்கதான் ஓட்டுறீங்க?”

“நீ சொன்னதத்தான்டா தம்பி செய்யிறேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“சும்மா நிறுத்தினா சென்சார்ல கரி புடிக்கும், தினமும் ஓட்டுங்கன்னியே.”

“அதுக்கு வயர் ஏன் அறுவுது?”

அப்பா சாரங்கபாணி போனைத் திருப்பினார். பாபநாசம் சாலையில் காய்ந்த உளுந்துச்செடி பரப்பிக் கிடந்தது. அதன்மேல் வண்டி; சக்கரத்தடியில் உளுந்து உதிர்ந்து கிடந்தது. வண்டியடியில் புகைக்குழாயைச் சுற்றி உளுந்துக்கொடி முறுக்கியிருந்தது.

“வெறுமனே ஓட்டி டீசல வீணாக்குவானேன்? மாப்பிள்ளை நடந்து வந்தா என்னப்பா, வடை நம்ம வயல் உளுந்துல.”