வெயிலில் வந்த வெள்ளம்

மழை நின்றுவிட்டது. அதுதான் இப்போது தொல்லை.

வெயில் எட்டிப் பார்த்ததும் பள்ளிக்கூட மாடியில் இருந்தவர்கள் பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். காலையில் கொட்டுகிற மழையில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, ஓடைக்கரைத் தெருவைக் காலி செய்ய வைத்தவள் அவள்தான். வடிகால் பிரிவின் இளநிலைப் பொறியாளர். இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"மழதான் விட்டுருச்சேம்மா. இன்னும் எதுக்கு எங்கள அடச்சி வச்சிருக்கிய?" என்றாள் பேச்சித்தாய். அந்தத் தெருவில் அவள் வாய்க்கு முன்னால் யாரும் நிற்கமுடியாது.

"இன்னும் கொஞ்ச நேரம்."

அதற்குமேல் என்ன சொல்வது? மலையடியில் பெய்த மழை இங்கே வந்து சேர நேரம் பிடிக்கும். எல்லாப் பக்கத்துத் தண்ணீரும் ஒன்றுகூடும்போதுதான் ஓடையில் உச்ச வெள்ளம். இங்கே வானம் வெளுத்த பிறகுதான் அது வரும்.

எவ்வளவு மழை, எவ்வளவு பரப்பு, அதில் மண் குடித்தது போக மிச்சம் எவ்வளவு. மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். அவ்வளவு தண்ணீரை ஓடைப் பாலம் தாங்காது. தண்ணீர் சாலையைத் தாண்டித் தெருவுக்குள் இறங்கும்.

கணக்கு சரியென்றால் இவர்கள் வீடுகள் போகும். தப்பென்றால் அவள் பேச்சு எடுபடாது. அடுத்த முறை கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

போகட்டும். தப்பாகவே இருக்கட்டும்.

பள்ளிக்கூட நாளிலிருந்து கணக்கு சரியாக வரவேண்டும் என்றே சாமி கும்பிட்டவள், முதல் தடவையாக மாற்றி வேண்டிக்கொண்டாள்.

வந்தது.

செக்கச்செவேலென்று, முள்மரங்களை உருட்டிக்கொண்டு வந்தது. பாலத்தின் கண்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. மாடியில் சுருட்டிய பாயை யாரோ மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

இன்னும் ஒரு முழம் ஏறினால் சாலை.

ஏறவில்லை.

அப்படியே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு பாலத்துச் சுவரில், தண்ணீருக்கு மேலே, ஈரக்கோடு ஒன்று தெரிந்தது.

வடிகிறது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது. ஆனாலும் எங்கே தப்பியது என்று மனம் கணக்கைக் குடைந்துகொண்டிருந்தது.

மலையடிக்கு அனுப்பியிருந்த ஊழியர் சுடலைக்கண்ணு அலைபேசியில் அழைத்தார்.

"பாதித் தண்ணி நரிக்குளத்துக்குள்ள போயிருச்சு மேடம். குளம் நெறஞ்சி கெத்துக்கெத்துன்னு கெடக்கு."

"நரிக்குளமா? அதுக்குப் போற கால்வாய் தூர்ந்து கிடக்கே?" என்றாள். பல வருடமாகவே அப்படித்தான் என்று அவளிடம் இருந்த வரைபடம் சொன்னது. அதனால் குளத்தை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"அந்த வாய்க்காலா?" என்றாள், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சித்தாய். "நூறு நாள் வேலையில கோடைக்கு நாங்கதான வெட்டுனோம். வேகாத வெயிலு. எந்தக் காலத்துல இதுல தண்ணி வரப்போவுதுன்னு ஏசிக்கிட்டேதான் வெட்டுனேன்."

தரையில் இருந்தவள் எழுந்தாள். பேச்சித்தாயின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். எடுக்க மனம் வரவில்லை.

பேச்சித்தாய்க்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"விடுங்கம்மா. வீட்டுக்குப் போயி அடுப்பப் பத்த வைக்கணும்."