லூபேயின் முதுகு

“புருஷன் செத்துப் பொழைச்சு வந்து படுத்திருக்கான். இவ சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா பாரு” என்றாள் வாசிதி, என் காதோரமாக. காதோரம் என்று சொல்கிறேனே தவிர, வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

சர்ச் பாட்டுக் குழுவில் பாதிப் பேர் என் வேனில் ஏறி, நாங்கள் குடியிருக்கும் மாங்கரேயிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தோம். செமிசி எங்கள் குழுவின் அடிக்குரல். வாசிதிக்கு ஒரே தம்பி. ஆள் மலை மாதிரி இருப்பான்.

காலையில் அவன் இதயத்துக்கு மெல்லிசாக ஒரு குழாய் விட்டு அடைப்பை எடுத்திருந்தார்கள். அது நல்லபடியாக முடிந்தது. ஆனால் குழாய் நுழைந்த இடத்தில் ரத்தநாளம் கிழிந்துவிட்டது. அமுக்கிப் பிடித்து எப்படியோ ரத்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள். சாயங்காலம் வரை அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். மறுபடி திறந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து.

கிழிந்தது எந்த இடம் என்று வாசிதியிடம் யாரும் சொல்லவில்லை. நாங்கள் டோங்காத் தீவுக்காரர்கள். தம்பி உடம்பைப் பற்றி அக்கா காதுபடப் பேச மாட்டோம்.

“ஏண்டி லூபே, என் தம்பிக்குக் குடிக்க ஏதாவது குடுத்தியா?”

லூபேயின் தலை மட்டும் ஆடியது. திரும்பவில்லை.

“வாயில என்ன கொழுக்கட்டையா?”

அதற்கும் பதில் இல்லை. பாதிரியார் ஜெபம் பண்ணும்போதே வாயை மூடாத பொம்பளை அவள். எனக்கே எரிச்சலாக வந்தது.

“காலையிலேருந்து இப்படித்தான்க்கா” என்றான் செமிசி, கூரையைப் பார்த்தபடி. “நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியல. என் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கல போல.”



“பன்னிக்கறி வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா, இவன் கேட்கல. அந்தக் கோபமா இருக்கும்” என்று எங்களில் ஒருத்தி சமாதானம் சொன்னாள்.

“கோபத்தைக் காட்டுற நேரமா இது?” வாசிதி எழுந்துவிட்டாள். எங்கள் வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த பாய் சரசரத்தது. “லூபே, திரும்பு. அவன் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை பேசு. நான் சொல்றேன்.”

எங்களில் நாத்தனார் சொல்லுக்கு மறுபேச்சே கிடையாது. லூபே எழுந்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விறுவிறுவென்று அறையை விட்டே வெளியே போய்விட்டாள்.

வாசிதி பின்னாலேயே பாய்ந்தாள். விட்டால் அடித்துவிடுவாளோ என்று நாங்களும் ஓடினோம்.

வராந்தாவில் நர்ஸ் டெப் நின்றிருந்தாள். வாசிதி நேராக அவளிடம் போனாள்.

“சிஸ்டர், இவளை இனிமே உள்ளே விடாதீங்க. என் தம்பியை நான் பார்த்துக்கறேன்.”

“ஐயோ, அவங்களை ஏன்மா திட்டுறீங்க?” என்றாள் டெப். “வாயைத் திறக்காதீங்க, முகத்தைக்கூடக் காட்டாதீங்கன்னு நான்தான் சொல்லி வச்சேன்.”

“எதுக்கு?”

“காலையில ரத்தம் நின்னதும் டாக்டர் வந்து நிலவரம் சொன்னார். இந்தம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. உங்க தம்பி சிரிச்சார் பாருங்க, கட்டிலே குலுங்கிப் போச்சு. கிழிசல் மறுபடி திறந்துக்கிச்சு. நானும் டாக்டரும் மாத்தி மாத்தி அமுக்கி, கை மரத்துப் போச்சு. இன்னொரு தடவை ஆச்சுன்னா கத்தி வைக்கணும்மா.”

லூபே சுவரோரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“இவங்க முகத்தைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துடுது. காரணத்தைச் சொன்னா அதுக்கும் சிரிப்பாரு. அதான் அவர்கிட்டயும் மூச்சு விடல. வெளியே இருங்கன்னுதான் சொன்னேன். ஆளைக் காணோம்னா அவர் பயந்துடுவாரு, முதுகாவது தெரியட்டும்னு உள்ளேயே உட்கார்ந்துட்டாங்க.”

வாசிதி லூபே பக்கம் திரும்பினாள். “என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

“உங்ககிட்ட எப்படி அண்ணி சொல்றது?”

“ஏன், அப்படி என்ன சொன்னே?”

லூபே தரையைப் பார்த்தாள். வெள்ளைக்காரப் பொண்ணு டெப்புக்கு எங்கள் வழக்கமெல்லாம் எங்கே தெரியும்? நான் ஜாடை காட்டுவதற்குள் சொல்லிவிட்டாள்.

“டாக்டர், ‘தொடையிடுக்குல கொஞ்சம் கிழிஞ்சிருக்கு’ன்னார். இவங்க, ‘அவர் டவுசரும் எப்பவும் அங்கேதான் கிழியும் டாக்டர்’னாங்க.”

நாங்கள் யாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. வாசிதி உதட்டை இறுக்கி மூடினாள். பாயை இழுத்துக் கட்டினாள். லூபேயின் கையைப் பிடித்தாள். தரதரவென்று அறைக்குள் இழுத்துப் போனாள். தொலைந்தது குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போய் லூபேயை நாற்காலியில் உட்கார வைத்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தானும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ரெண்டு முதுகும் குலுங்க ஆரம்பித்தன.

பார்த்துக்கொண்டே படுத்திருந்த செமிசிக்குக் கண் கலங்கிவிட்டது. “ரெண்டு பேரும் அழாதீங்க” என்றான். “எனக்கு ஒண்ணும் ஆகாது.”