பொக்கற்றுக்குள் போன கை

கீர்த்தனி தன் கண்ணாலேயே கண்டாள். பஸ் வருகிறதா என்று கிழவர் எட்டிப் பார்த்த நேரம், பக்கத்தில் இருந்தவனின் கை மெதுவாக அவருடைய சேட்டுப் பொக்கற்றுக்குள் போனது.

"கள்ளன்! பிடியுங்கோ!"

கனடாவிலிருந்து தனியாகச் சுற்றிப் பார்க்க வந்தவள் அவள். களவு, ஏமாற்றுக்குத் தப்புவது எப்படி என்று பார்த்த வீடியோக்களுக்குக் கணக்கில்லை. திருகோணமலைக்கு வந்த நாளிலிருந்து கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடிதான் திரிந்தாள்.

துறைமுக வீதி பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்கள் அவனை வளைத்துக்கொண்டார்கள். அவன் ஓடவில்லை. கையை விரிக்கச் சொன்னார்கள். வெறுங்கை.

ஏதாவது களவு போனதா என்று கிழவரைக் கேட்டார்கள். இல்லையென்றார். இவனைத் தெரியுமா என்றார்கள்.

"என்ட மகன். பேர் பஸ்லான்."

எல்லோரும் கீர்த்தனியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகனென்றால் ஏன் ஒளித்துக் கைபோட வேண்டும்? களவில்லையென்றால் அதை வாய்திறந்து சொன்னால் என்ன?

அவனிடமே கேட்டாள். அவன் தகப்பனைப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னான்:

"தங்கச்சி, இதை இதோட விடுங்கோ."

அது அவள் சந்தேகத்தைக் கூட்டியது. அடுத்தவரின் பைக்குள் கூடாத சாமானை ஒளித்துவைத்துக் கடத்துகிறவர்களைப் பற்றியும் ஒரு வீடியோ பார்த்திருந்தாள். பொக்கற்றுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கலாமா என்று கிழவரிடம் கேட்டாள். அவர் ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். எல்லோருக்கும் கேட்கட்டுமென்று சத்தமாக வாசித்தாள்.

"இவர் பெயர் ஜமால்தீன். வீடு கிண்ணியா. சில நேரம் வழி மறந்துபோவார். ஏச வேண்டாம். இந்த நம்பருக்கு எடுங்கோ, உடனே வருவேன்..."

அவளுடைய குரல் இறங்கிவிட்டது. பிடித்திருந்தவர்கள் பஸ்லானை விட்டுவிட்டு விலகினார்கள்.

"தெரிஞ்சால் வாப்பா கவலைப்படுவார். அதுதான் தெரியாமல் வைச்சனான்" என்றான் பஸ்லான் அவளிடம், தகப்பனுக்குக் கேட்காதபடி.

கீர்த்தனி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் ஜமால்தீன் அவள் கையிலிருந்து கடதாசியை வாங்கினார். நாலாக மடித்துத் திரும்பவும் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்:

"பழசு போன கிழமை சேட்டோட தண்ணியில கரைஞ்சு போயிற்று மகன். புதுசு எப்ப வைப்பாயெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."