ஒரு முடி நாற்று

நாற்றங்காலில் பஞ்சநாதன் சேற்றோடு சேறாக உட்கார்ந்து நாற்றுப் பறிக்கிறான். வலது கால் மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. போன தை அறுப்புத் தகராறில் மிராசுதாரின் ஆட்கள் உடைத்த முட்டிச் சில்லைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக் கட்டினார்கள். இப்போது கம்பியின் முனை தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. சுற்றிய துணி நனைந்து, சீழும் ரத்தமும் தண்ணீரில் மெல்லக் கரைகின்றன. வரப்பில் குடை பிடித்தபடி ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நிற்கிறார். தன் உடம்பால் பாடுபடுகிறவன் பேரில்தான் குத்தகை பதிவாகும். இவன் காலால் இனி ஆகாது என்று மிராசுதார் மனுப் போட்டிருக்கிறார்; அதைச் சோதிக்கத்தான் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். மிராசுதாரின் காரியஸ்தர் சிரிக்கிறார். “பறிக்க வந்தியா, குளிக்க வந்தியாடா?” “ரெண்டுக்குந்தாங்க,” என்கிறான் பஞ்சநாதன். வேர்மண்ணை உதற, பழக்கத்தில் நாற்றுப் பிடியை வலது காலிலேயே அடித்துவிடுகிறான். கண் இருட்டுகிறது. விரல்கள் தாமாகவே நாற்றை முடியாகக் கட்டுகின்றன. அதை உயர்த்திக் காட்டுகிறான். “கரைக்குக் கொண்டாங்க,” என்கிறார் இன்ஸ்பெக்டர். பஞ்சநாதன் மறு கையை ஊன்றுகிறான். கை மணிக்கட்டு வரை சேற்றில் புதைகிறது. அவன் மனைவி மலர்கொடி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்றங்காலில் இறங்குகிறாள். “வராத. நீ தூக்கினா கணக்குல வராது,” என்கிறான் பஞ்சநாதன். ஒரு கால் சேற்றிலும் ஒரு கால் வரப்பிலுமாக அவள் நின்றுவிடுகிறாள். உயர்த்திய முடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி ஓய்கிறது. அவன் இன்னும் எழவில்லை.