பன்னிரண்டாவது கட்டைவிரல்

"எல்லாரும் இருக்கீங்களா?" என்று அலுவலகக் குழுவில் மேனேஜரின் செய்தி விழுந்தது. ஒரே நிமிடத்தில் பதினோரு கட்டைவிரல்கள் திரையில் நிமிர்ந்து நின்றன. பன்னிரண்டாவது கட்டைவிரலுக்குச் சொந்தக்காரன் குளியலறையில் தலை நிறைய நுரையோடு நின்றுகொண்டிருந்தான்.

துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து ஈரக்கையால் தட்டுவதற்குள் நான்கு நிமிடம் ஆகிவிட்டது.

"பதினோரு பேர் ரெடி. ஒருத்தருக்காக எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்" என்று எழுதினார் மேனேஜர். அதற்கும் பதினோரு கட்டைவிரல்கள்.

வீட்டிலிருந்தே பார்க்கும் இந்த வேலையில் அவன் சேர்ந்து எட்டு மாதம். குழுவில் ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை, குரலையும் கேட்டதில்லை. முகம் பார்த்துப் பேசினால் நேரம் வீண் என்பது மேனேஜரின் கொள்கை, எல்லாம் எழுத்தில்தான். அரைமணிக்கு ஒருமுறை அவர் 'இருக்கீங்களா?' என்பார், இவர்கள் விரலைக் காட்ட வேண்டும்.

மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அக்கா ஞாயிற்றுக்கிழமை மதியம் அறிக்கை அனுப்புவார். டிசைனர் ஐந்து நாள் வேலையை இரண்டே நாளில் முடிப்பார். மேனேஜர் பல்வலி என்று விடுப்பு எடுத்த அன்று மட்டும் குழுவில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, அப்படியொரு விசுவாசம்.

இவனுக்கோ மூன்று வாரமாகத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் கட்டைவிரல்கள் வரிசை கட்டி வந்தன.

"அப்பா எப்பம்மா வீட்டுக்கு வருவாரு?" என்று மகள் கேட்டது காதில் விழுந்தது. அவன் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

மனைவி வந்து லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்தாள். "நேத்து டாக்டர் என்ன சொன்னாரு? இப்படியே போனா ஆளே விழுந்துடுவீங்கன்னாரா இல்லியா?"

"மத்த பதினோரு பேரும் வேலை பார்க்கலியா? எனக்குத்தான் துப்பில்ல."

"அவங்களுக்கெல்லாம் பசி, தூக்கம், புள்ளகுட்டி எதுவுமே கிடையாதா? எந்த ஃபேக்டரியில செஞ்சு எடுத்தாங்க அவங்கள?" என்றாள். பிறகு குரல் உடைந்தது. "வேலை போனா போகட்டும்ங்க. எனக்கு நீங்க வேணும்."

பாதி சாய்ந்த திரையில் மறுபடி 'இருக்கீங்களா?' விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று.

அவன் விரல் எழவில்லை. எட்டு மாதத்தில் முதல் முறையாக மேனேஜரின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தான்.

"சார், நான்தான். எப்பவும் கடைசியா விரல் காட்டுவேனே, அந்த ஆளு." "இருக்கேன் இருக்கேன்னு அமுக்குறேனே தவிர, நான் இருக்குற மாதிரியே இல்ல சார். அந்தப் பதினோரு பேர் மாதிரி என்னால முடியல. இன்னிக்கே வேலைய விட்டு நின்னுக்கிறேன்."

வசவு விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். விழவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"போயிடாதீங்க தம்பி" என்றார் மேனேஜர். அவன் நினைத்துவைத்திருந்த அதட்டல் குரல் அல்ல அது. "என்னாலயும் முடியல."

"நான் போனா என்ன சார்? அவங்க பதினோரு பேர் இருக்காங்களே!"



"அவங்க எல்லாரும் போன வருஷமே ஓடிட்டாங்க. குழுவுல ஆளே இல்லன்னு தெரிஞ்சா நீங்களும் ஓடிடுவீங்கன்னு பயந்து..." என்று இழுத்தார் மேனேஜர். "அந்தப் பதினோரு பேரும் நான்தான் தம்பி."